லே ஆஃப் என்றால் வேலை போவதில்லை

என் மேசை இழுப்பறையில் ஒரு பித்தளை வில்லை இருக்கிறது. பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. ஆணியில் மாட்டுவதற்கு மேலே ஒரு துளை. நடுவில் 63 என்ற எண் அடித்திருக்கும். அது என்னுடையதல்ல. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் மோல்டராக இருந்தவருடையது. அவருடைய வேலையைப் போக்கியவன் நான். முதலில் பொய் சொல்லவில்லை. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் இருக்கும் அர்த்தத்தைச் சரியாகச் சொன்னேன், அவ்வளவுதான். பொய்யைப் பிறகு சொன்னேன். இரண்டையும் நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன். எனக்கு எண்பது நெருங்குகிறது. இதைப் பூசி மெழுகிச் சொல்லும் வயது தாண்டிவிட்டது.

எழுபதுகளின் முற்பகுதி. பி.ஏ. முடித்து இரண்டு வருடம் அலைந்தபின் அந்த ஃபவுண்டரியின் டைம் ஆபீசில் தற்காலிகக் கிளார்க்காகச் சேர்ந்தேன். டைம் ஆபீஸ் என்பது கேட்டை ஒட்டி ஒரு சின்ன அறை. கம்பி போட்ட ஜன்னல். அதன் வெளிச் சுவரில் பெரிய மரப்பலகை, பலகை நிறைய ஆணிகள், ஆணிக்கு ஒரு பித்தளை டோக்கன். காலை ஏழரைக்குச் சங்கு ஊதுமுன் ஆட்கள் அவரவர் டோக்கனைக் கழற்றி ஜன்னலுக்கு உள்ளே இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். பெட்டியில் விழுந்த எண்களைப் பார்த்து நான் வருகை எழுதுவேன். அவர்கள் மாலையில் வெளியே போகுமுன் எல்லா டோக்கனையும் திரும்ப ஆணியில் மாட்டிவிடுவேன். ஒரு மனிதன் உள்ளே இருக்கிறானா வெளியே இருக்கிறானா என்பதை அந்தப் பலகையைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

நோட்டீஸ்களை டைப் அடிப்பதும் என் வேலைதான். எல்லாம் ஆங்கிலத்தில். ஆட்கள் டீ நேரத்தில் நோட்டீஸ் போர்டைச் சுற்றி நின்று, அதில் தெரிந்த எண்களை மட்டும் படித்துவிட்டு, என் ஜன்னலுக்கு வருவார்கள். அந்த ஃபவுண்டரியில் ஆங்கிலச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஷிப்ட் முடிந்தால் நாக் ஆஃப், மெஷின் நின்றால் பிரேக் டவுன், அடுத்த ஷிப்ட்காரன் வந்தால் டேக் ஓவர். கள்ளிக்குப்பத்திலிருந்தும் திருவேற்காட்டிலிருந்தும் சைக்கிளில் வந்தவர்கள், அவர்கள் அப்பாக்கள் காலத்தில் ஏரும் மண்வெட்டியுமாக இருந்தவர்கள், இந்தச் சொற்களைத் தமிழ் போலவே புழங்கினார்கள். ஆனால் போர்டில் ஒட்டிய காகிதத்தில் அதே சொற்கள் வந்தால் மட்டும் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். காகிதத்தில் ஏறிய சொல் கம்பெனியின் சொல் ஆகிவிடுகிறது. அப்போது நான் வேண்டும். வேண்டியவனாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. சின்ன வினைச்சொல் ஒன்று, அதன் வாலில் இன்னும் சின்னதாக ஒரு சொல். வால் மாறினால் வேலையே மாறிவிடும் என்று கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அந்த ஜன்னலில் உட்கார்ந்து அவர்களுக்குச் சொன்னேன். ‘லுக் ஆஃப்டர்’ என்றால் கவனித்துக்கொள்வது, ‘லுக் இன்ட்டு’ என்றால் விசாரிப்பது என்று. தலையாட்டிக் கேட்பார்கள்.

அதிகமாகக் கேட்டவர் மோல்டர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கள்ளிக்குப்பம். ஒல்லியான உடம்பு, மணல் ஏறி நிரந்தரமாகக் கறுத்துப்போன நகங்கள். மணலில் அச்சு எடுத்து, அதில் உருகிய இரும்பை ஊற்றி, பம்பு உறைகளும் பல்சக்கர உறைகளும் செய்யும் இடம் அது. அச்சு சரியாக விழுவது மணலின் ஈரத்தில் இருக்கிறது. மற்றவர்கள் மணலைச் சோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். மோல்டர் ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கி, விரலைத் திறந்து, கட்டியை இரண்டாக உடைத்துப் பார்ப்பார். உடைந்த விளிம்பு உதிராமல் நின்றால் சரி. “போதும், ஊத்து” என்பார். அவர் ஊற்றச் சொன்ன அச்சில் வார்த்த இரும்பில் ஓட்டை விழுந்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை என்னை உள்ளே கூட்டிப்போய் உலைக்குப் பக்கத்தில் நிறுத்தி, காலால் தரையைத் தட்டிக் காட்டினார். “இங்க தான் சார் எங்க நைனா நாத்து நட்டாரு. நான் ஏர் பின்னாடி ஓடிகினு இருப்பேன். இப்போ அதே மண்ணுல நான் இரும்பு நடறேன்.” சிரித்தார். அதைச் சோகமாகச் சொல்லவில்லை. அந்த இடத்தில் மாதச் சம்பளக்காரனாக நிற்பதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. வீட்டில் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும். குடும்பத்தில் நிரந்தர வேலை பார்த்த முதல் ஆள் அவர்தான்.

அந்த வருடம் கோடையில் மின்வெட்டு கடுமையானது. உலைக்குக் காற்று ஊதும் எந்திரம் நின்றால் ஃபவுண்டரி நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டு ஒரு நோட்டீஸ் டைப் அடிக்கச் சொன்னார். கீழ்க்கண்ட ஆட்கள் மறு உத்தரவு வரும்வரை லே ஆஃப் செய்யப்படுகிறார்கள், முப்பது எண்கள். அறுபத்து மூன்றும் இருந்தது. சட்டப்படி லே ஆஃப் காலத்தில் பாதிச் சம்பளம் உண்டு. அதற்கு ஒரு வழக்கமும் உண்டு. வேலை இல்லாவிட்டாலும் தினமும் காலை ஏழரைக்குக் கேட்டுக்கு வந்து, ‘நான் வேலைக்குத் தயார்’ என்று முகத்தைக் காட்டி, தனி ரிஜிஸ்டரில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டுப் போகவேண்டும். நோட்டீசின் கடைசிப் பத்தியில் சின்னதாக அதுவும் இருந்தது. தொடர்ந்து எட்டு நாள் வராதவர் தானாகவே வேலையை விட்டவராகக் கருதப்படுவார் என்ற கம்பெனி விதி நோட்டீசில் இல்லை. அது மேனேஜர் மேசையில் இருந்த அச்சுப் புத்தகத்தில் இருந்தது.

நோட்டீஸ் ஒட்டியதும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். லே ஆஃப் என்றால் என்ன என்று விளக்கினேன். வேலையிலிருந்து நீக்குவது வேறு, இது வேறு. கம்பெனியிடம் இப்போது கொடுக்க வேலை இல்லை. அதனால் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், வேலை வந்ததும் கூப்பிடுவார்கள் என்றேன். உலைக்குக் கரி தள்ளும் ஆள் ஒருவன் இருந்தான், வாய் சும்மா இருக்காது. “மாமே, அப்போ ஊட்ல குப்புற படுத்துகினு கெடந்தா பாதி துட்டா? இத மின்னாடியே குட்த்திருந்தா நான் கலியாணத்துக்கு லீவு கேட்டு கால்ல உயுந்திருக்க மாட்டனே!” என்றான். “நீ வேலைல இருக்கறப்பவே லே ஆஃப் தான்டா” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மோல்டர் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டே இருந்தவர், “புரிஞ்சிடுச்சி சார். பேட்டர்ன் மாரி” என்றார். பேட்டர்ன் என்பது மரத்தில் செய்த உரு. அதை மணலில் பதித்துத்தான் அச்சு எடுப்பார்கள். “ஒரு ஆர்டர் முடிஞ்சா பேட்டர்ன தூக்கியா போடறோம்? தொடச்சி அலமாரில எட்த்து வெக்கறோம். அடுத்த ஆர்டரு வந்தா எட்த்துக்கறோம். அப்டித்தானே?” அதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த அகராதியிலும் பார்த்ததில்லை. “அப்படியேதான் மோல்டர்” என்றேன்.

மூன்று நாள் கழித்து மேனேஜர் என்னை உட்காரச் சொன்னார். அவர் எதிரில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை. மின்சாரம் வந்தாலும் முப்பது பேரும் வேண்டியதில்லை, அச்சு வேலையைக் கான்டிராக்டில் விடப்போகிறோம் என்றார். ஆட்களை நீக்கினால் யூனியன் கிளம்பும். தானாக உதிர்கிறவர்கள் உதிரட்டும். “இவன்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல கேட்டுல வந்து நிக்கப் பொறுக்காது. வேற கூலிக்குப் போவான்கள். போகட்டும். உன்னைக் கேட்டா அர்த்தத்தை மட்டும் சொல்லு. ரூல் சொல்றது உன் வேலை இல்லை.” பேச்சோடு பேச்சாக, என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு அடுத்த திங்களோ அதற்கடுத்த திங்களோ கையெழுத்தாகும் என்றார். ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருப்பதாக அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் வேண்டியதில்லை. அப்பா ஓய்வு பெற்றிருந்தார். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். இதை ஒரு காரணமாக இங்கே எழுதுகிறேனே தவிர, நியாயமாக எழுதவில்லை. அன்று அந்த அறையிலிருந்து எழுந்து வந்தபோது எனக்குப் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. மேனேஜர் உட்காரச் சொன்னாரே என்ற சந்தோஷம்தான் இருந்தது.

மோல்டர் முதல் வாரம் முழுவதும் தவறாமல் வந்தார். வேலைக்கு வருவதுபோலவே காக்கிச் சட்டை போட்டு வருவார். கையெழுத்து போட்டபின் உடனே போகமாட்டார். பலகைக்கு முன்னால் நின்று தன் டோக்கன் ஆணியில் இருப்பதைப் பார்ப்பார். துளை சரியாக மாட்டியிருக்கிறதா என்று லேசாக இழுத்தும் பார்ப்பார். இரண்டாம் வாரம் தொடங்கிய திங்கட்கிழமை மற்றவர்கள் போனபின் ஜன்னலில் வந்து நின்றார். மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ஐயப்பன்தாங்கல் பக்கம் ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும் வேலை பிடித்திருக்கிறாராம். இரண்டு வாரம், அங்கேயே தங்கினால் நல்ல கூலி. பாதிச் சம்பளத்தில் வீடு ஓடவில்லை. சின்னப் பெண்ணுக்குக் காய்ச்சல் வேறு.

“இங்க வராங்காட்டி அந்த நாளுக்கு பாதி சம்பளம் போவும், அது தெரியும் சார். போனா போவுது. வேல போயிடாதில்ல?”

அவர் கேட்ட கேள்வி அதுதான். அதைவிடத் தெளிவாக ஒருவர் கேட்க முடியாது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். எட்டு நாள் விதி என் நாக்கின் நுனியில் இருந்தது. ரிஜிஸ்டரை நேராக வைத்தேன். பேனாவின் மூடியைத் திறந்து மூடினேன்.

“லே ஆஃப் என்றால் வேலை போவதில்லை, மோல்டர். நான்தான் அன்றைக்கே சொன்னேனே” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. “அது போதும் சார். வேல வந்துச்சின்னா ஊட்டுக்கு ஆளு வுட்டு சொல்லி அனுப்புங்கோ, ஓடியாந்துடறேன்” என்றார். போகுமுன் பலகையில் அறுபத்து மூன்றை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார். நான் சொன்ன வாக்கியத்தில் தவறு கண்டுபிடிக்க முடியாது. எந்த ஆங்கில ஆசிரியரும் அதற்கு முழு மதிப்பெண் போடுவார். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அது. அந்தக் கேட்டில், அந்த மாதத்தில், அந்தச் சொல்லை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதை அவர் கேட்டார். நான் அர்த்தத்தைக் கொடுத்து அனுப்பினேன்.

எட்டு நாள் வரை அவர் பெயருக்கு நேரே தினமும் ஆப்சென்ட்டுக்கு ‘ஏ’ என்று எழுதினேன். எட்டாம் நாள் மாலை மேனேஜர் சொல்ல, ரிஜிஸ்டர் தபாலில் போகவேண்டிய கடிதத்தை நானே டைப் அடித்தேன். தாங்கள் அனுமதியின்றி வராமல் இருந்துவருகிறீர்கள். வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மேனேஜர் முன் ஆஜராகாவிட்டால், தாங்களாகவே வேலையை விட்டதாகக் கருதித் தங்கள் பெயர் நீக்கப்படும். அவர் வீடு என் ஆபீசிலிருந்து சைக்கிளில் இருபது நிமிடம். நான் போகவில்லை. கடிதம் போயிருக்கிறது, படிக்கத் தெரிந்த யாராவது படித்துச் சொல்வார்கள் என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். அப்படி யாரிடமும் அவர்கள் கொடுக்கவில்லை. கம்பெனி கடிதம் என்றால் கிளார்க் சார்தான் படிக்கவேண்டும் என்று மனைவி அதைப் பிரிக்காமலே, அண்ணனோடு தங்கியிருந்த அவரிடம் ஓர் ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மோல்டர் ஜன்னலில் நின்றார். முழங்கால் வரை செம்மண். அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறார். மடியிலிருந்து கடிதத்தை எடுத்து, பிரிக்காமலே கம்பிக்குள் நீட்டினார். “கூப்ட்டாங்களா சார்? வேல வந்துடுச்சா?” என்றார்.

நான் டைப் அடித்த கடிதத்தை நானே பிரித்தேன். இதுவரை நான் செய்த தப்பெல்லாம் ஒரு பங்கு என்றால், இது மூன்று பங்கு. ஏனென்றால் அப்போது மணி ஒன்பது. ஐந்து மணிக்கு இன்னும் எட்டு மணி நேரம் இருந்தது. மேனேஜர் உள்ளேதான் இருந்தார். ‘உள்ளே ஓடுங்கள், இப்போதே போய் நில்லுங்கள்’ என்று இரண்டு வாக்கியம் சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். ஜன்னலுக்கு நேரே, முற்றத்துக்கு அந்தப் பக்கம், மேனேஜர் அறையின் திரை பாதி விலகியிருந்தது. அவர் பார்த்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பார்க்கிறார் என்று நினைத்தேன். முதல் இரண்டு வரியை மட்டும் படித்தேன். “ரொம்ப நாளாக வரவில்லையாம், மேனேஜரை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்” என்றேன்.

“இப்பவே பாத்துடட்டா சார்?”

“அவர் ஊரில் இல்லை. திங்கட்கிழமை காலையில் வாங்க.”

மோல்டர் திரும்பிப் பார்த்தார். “காரு நிக்குதே சார்.”

“டிரைவர் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்” என்றேன். இவ்வளவு வேகமாக, இவ்வளவு விவரமாக எனக்குப் பொய் வரும் என்று அன்றுதான் தெரிந்தது. அவர் ஒரு நிமிடம் அந்தக் காரையே பார்த்தார். பிறகு கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, “செரி சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை ஏழரைக்குக் காக்கிச் சட்டையில் வந்தார். ரிஜிஸ்டரில் அவர் பெயரின் மேல் சிவப்புக் கோடு இருந்தது. நீக்கப்பட்டவர் டோக்கனை ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. பலகையிலிருந்து அவரே கழற்றினார். சட்டை நுனியில் நன்றாகத் துடைத்து ஜன்னலுக்குள் வைத்தார். சத்தம் போடவில்லை. “இன்னா சார் இது?” என்று மட்டும் கேட்டார். ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டே “கம்பெனி உத்தரவு” என்றேன். அடுத்த வாரம் மின்சாரம் ஓரளவு சரியானது. மற்றவர்களில் பெரும்பாலோரைக் கூப்பிட்டார்கள். என் நிரந்தர உத்தரவும் வந்தது.

யூனியன் செயலாளர் விடவில்லை. விஷயம் தொழிலாளர் அதிகாரி முன்னால் போனது. மேசைக்கு ஒரு பக்கம் மேனேஜரும் நானும், எதிரில் செயலாளரும் மோல்டரும். ‘வரவேண்டாம் என்று கிளார்க் சார்தான் சொன்னார்’ என்பது மோல்டரின் வாக்குமூலம். அதிகாரி என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: வரவேண்டாம் என்று சொன்னீர்களா? நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன்: அப்படிச் சொல்லவில்லை; அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டார், அர்த்தம் சொன்னேன்; தினமும் வரவேண்டும் என்பது நோட்டீசில் இருந்தது. நான் பேசிக்கொண்டிருக்கும்போது மோல்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் அவருக்குப் புரியவில்லை. நான் அவருக்காகப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். முகத்தில் ஒரு நம்பிக்கைச் சிரிப்பு. செயலாளர் அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். சிரிப்பு அப்படியே இருந்தது, அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் கொஞ்ச நேரத்தை நான் ஐம்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வழக்கில் மோல்டர் தோற்றார். நாலு வருடம் போனது. தங்கை கல்யாணம் முடிந்தது, எனக்கும் ஆனது. டைம் ஆபீசைக் கேட்டின் மறுபக்கம் மாற்றினார்கள். பழைய இழுப்பறைகளைக் காலி செய்தபோது அந்த டோக்கனும், நான் டைப் அடித்த கடிதத்தின் கார்பன் நகலும் ஒன்றாகக் கிடைத்தன. நகலை அங்கேயே நின்று படித்தேன். ‘மாலை ஐந்து மணிக்குள்’ என்ற இடத்தில் ரிப்பன் மங்கியிருந்ததால் அந்த வரியை இரண்டு முறை அழுத்தி அடித்திருந்தேன். அன்று மாலை வீட்டுக்குப் போய், நடந்ததையெல்லாம் மூன்று பக்கம் எழுதினேன். கேட்டில் அவர் கேட்டது, நான் சொன்னது, சனிக்கிழமை, கார், எல்லாம். கீழே கையெழுத்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதையும் டோக்கனையும் எடுத்துக்கொண்டு கள்ளிக்குப்பம் போனேன்.

ஓலைக்கூரையில் பாதியை ஆஸ்பெஸ்டாஸ் ஆக்கியிருந்த வீடு. மோல்டர் கட்டட வேலைக்குக் கலவை போடப் போய்க்கொண்டிருந்தார். சிமென்ட் தின்று விரல்கள் வெடித்திருந்தன. அந்த விரல்கள் இனி மணலின் ஈரத்தைச் சொல்லாது என்று பார்த்ததுமே தெரிந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். “வாங்க சார்” என்றார். மனைவி உள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

“இவுரு தான் அந்த கிளார்க்கா? வாங்கோ வாங்கோ. இன்னா, இன்னொரு லெட்டரு வந்துகீதா படிக்க?”

“சும்மா இரும்மே” என்றார் மோல்டர்.

“நான் இன்னாத்துக்கு சும்மா இருக்கணும்? நாலு வருசமா சும்மாத்தானே கீறேன்.”

நான் எழுதிவந்ததைச் சொன்னேன். இதைக் கொண்டுபோய் அதிகாரியிடம் கொடுப்போம், வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்வோம் என்றேன். மோல்டர் அந்தக் காகிதத்தைத் தொடவில்லை. மனைவியிடம் ஏதோ சைகை காட்டினார். அவர் ரேஷன் கார்டு வைத்திருந்த தகரப் பெட்டியிலிருந்து பழுப்பேறிய ஒரு கவரை எடுத்துவந்தார்.

“அன்னிக்கு பாதி தான் படிச்சீங்கோ சார். மீதிய படிங்கோ” என்றார் மோல்டர்.

யாரிடமும் கொடுத்துப் படிக்கவில்லையா என்று கேட்டேன். “வயக்குல இத யாரும் கேக்கல. தோத்துட்டோம், அப்புறம் இன்னாத்துக்கு” என்றார். முழுவதையும் தமிழில் படித்துக் காட்டினேன். சனிக்கிழமை மாலை ஐந்து மணி என்ற இடம் வந்ததும் மனைவி குறுக்கிட்டார். “சனிக்கெயமையா? நீ ஓடினது சனிக்கெயம தானே? காத்தால பஸ்ஸு புடிச்சி ஒம்போது மணிக்கே போய்ட்டியே!” பிறகு அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குக் கையில் இருந்த மூன்று பக்கமும் போதவில்லை.

மோல்டர் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கிக் கவருக்குள் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “காரு நின்னுச்சி சார். மேனேசரு உள்ள இருக்காருன்னு எனுக்கு தெரியும். அவரு கூட இல்லாத அந்த காரு எங்கியும் நிக்காது. ஆனா நீங்க இல்லன்னு சொன்னீங்கோ. நீங்க சொன்னா அதுல எதுனா இருக்கும்னு வந்துட்டேன்.”

மறுநாள் விடுப்பு எடுத்து அவரைத் தொழிலாளர் அதிகாரியிடம் கூட்டிப்போனேன். புதிய அதிகாரி, நல்லவர். மூன்று பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். முடிந்த வழக்கு, காலம் கடந்துவிட்டது, அந்தப் பிரிவே இப்போது கான்டிராக்டில் இருக்கிறது, கம்பெனிக்கு ஒரு நகல் அனுப்புகிறேன், அவர்களாக மனம் வைத்தால் உண்டு என்றார். கம்பெனி என் விஷயத்தில்தான் மனம் வைத்தது. கொடுத்த வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுகிறாயா, ராஜினாமா எழுதுகிறாயா என்று கேட்டார்கள். ராஜினாமா எழுதினேன். அதைத் தியாகம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இரண்டே மாதத்தில் ஆவடிப் பக்கம் இதைவிட நல்ல சம்பளத்தில் வேறு வேலை கிடைத்தது. எனக்கு டிகிரி இருந்தது. அவருக்கு மணல் தெரியும், அவ்வளவுதான்.

மோல்டருக்கும் கம்பெனியிலிருந்து ஒரு பதில் போனதாகக் கேள்விப்பட்டு, மறுபடி ஒரு ஞாயிறு போனேன். ஆமாம், வந்தது என்றார். என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். “வேல இல்லன்னு தான். ரேஷன் கட பில்லு போடற தம்பி படிச்சி சொல்லிச்சி” என்றார். அந்தக் கடிதத்தை அவர் என்னிடம் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. விடைபெறும்போது, முதல்முறை கொடுக்க முடியாமல் போன டோக்கனைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். இதையாவது நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பழக்கத்தில் சட்டை நுனியால் துடைத்தார். பிறகு என் உள்ளங்கையிலேயே வைத்துவிட்டார்.

“இது கம்பெனி சாமான் சார். கம்பெனில குட்த்துடுங்கோ. அப்புறம் டோக்கன ஊட்டுக்கு தூக்கினு போய்ட்டான்னு எம்மேல ஒரு பேச்சு வரப் போவுது.”

அதற்குள் நான் அந்தக் கம்பெனியில் இல்லை என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வருத்தப்பட்டிருப்பார். அதுதான் அவரோடு நான் கடைசியாகப் பேசியது. சில வருடங்கள் கழித்துப் போனபோது வீட்டை விற்றுவிட்டு பூந்தமல்லிப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த ஃபவுண்டரி நின்ற இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். நான் இருப்பதும் அதற்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அடுக்குமாடியில்தான். மேல்வீட்டில் ஒரு இளைஞர், கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவர். சென்ற மாதம் மாடிப்படியில் பார்த்தபோது, “லே ஆஃப் ஆயிடுச்சு அங்கிள்” என்றார். மறுபடி எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். “கூப்பிடறதா? லே ஆஃப்னா அவ்வளவுதான் அங்கிள். வேலை போயிடுச்சு” என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஃபவுண்டரியின் கேட்டில் அந்தச் சொல்லை எதற்குப் பயன்படுத்தினோமோ, அதுவே இப்போது அதற்கு அர்த்தமாகிவிட்டது. இன்று யாராவது அகராதி எழுதினால் அப்படித்தான் எழுதவேண்டும்.

வீட்டுக்குள் வந்து இழுப்பறையைத் திறந்தேன். டோக்கன் கறுத்திருந்தது. சட்டை நுனியால் துடைத்தேன், எண் தெரிந்தது. திருப்பிக் கொடுக்கச் சொன்னார். கொடுப்பதற்கு அந்தக் கேட்டும் இல்லை, பலகையும் இல்லை, ஆணியும் இல்லை. தூக்கிப் போடவும் முடியவில்லை. துடைத்து, எடுத்து வைத்திருக்கிறேன்.